ஆண்களுக்குக் கூடிய வலிப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினோம். ஊதா மாத்திரைக்கு விதி வந்து ஒரு வருடம் ஆகிறது. அதை வாங்கும் பெண்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

ஒரு மருந்தால் யாருக்காவது ஏதாவது ஆனால் அந்தத் தகவல் எங்கள் பிரிவுக்கு வரும். அதைக் கூட்டிக் கழித்து மேலே சொல்வதுதான் வேலை. ஊதா மாத்திரை வலிப்பை நிறுத்தும். நன்றாகவே நிறுத்தும். ஆனால் கர்ப்பத்தில் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையின் முதுகெலும்பை, இதயத்தை, மூளையைக் கெடுக்கலாம். இது டாக்டர்களுக்குத் தெரிந்து வெகு காலம் ஆகிறது. சாப்பிட்ட பெண்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் விதி வந்தது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு அந்த மாத்திரை கொடுக்க இரண்டு நரம்பு நிபுணர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்களுக்கு அதெல்லாம் இல்லை. தெருமுனை டாக்டர் எழுதினால் போதும்.

பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். வீட்டில் சண்டை என்றால்கூட ‘எழுபது சதவீதம் உன் தப்பு’ என்பாராம். அவர் இன்று மேசைக்கு மேசை வந்து கைகுலுக்கினார். ஒரு வருட அறிக்கை எழுதும் வேலை எனக்கு. அடுத்த மாதம் ஆலோசனைக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

கைதட்டும்போது அக்காவின் கை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஊதா மாத்திரைக்காரி அவள். விதி வந்ததும் இரண்டாவது கையெழுத்து கிடைக்கவில்லை. ஊரில் இருப்பது ஒரே நரம்பு டாக்டர். இன்னொருவர் மாதம் ஒரு முறை வருவார், டோக்கன் கிடைத்தால் அதிர்ஷ்டம். வெள்ளை மாத்திரைக்கு மாற்றினார்கள். சில வாரத்தில் பேக்கரியில் அடுப்பின் மேலேயே விழுந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கிறது. அப்புறம் டோஸை ஏற்றினார்கள், இப்போது பரவாயில்லை என்கிறாள். நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் விழுந்து பார்க்கவில்லை.

நல்ல விதிதான். வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்காவின் தோல் எந்தச் சதவீதத்தில் வருகிறது என்று யாரைக் கேட்பது? கேட்கவில்லை. நானும் தட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

பெண்கள் பக்கம் குறைந்திருக்கிறது. ஆண்கள் பக்கம் கூடியிருக்கிறது. கிட்டத்தட்ட அதே அளவு.

சதவீதத்திடம் காட்டினேன். “ஆண்களுக்குத்தான் விதி இல்லையேம்மா. அதை எதுக்குப் பாக்கறே?”

“ஏன் சார் கூடுது?”

“விழிப்புணர்வு.”

பெண்களுக்கெல்லாம் வலிப்பு நின்று ஆண்களுக்கெல்லாம் ஆரம்பித்த விழிப்புணர்வு!

மார்ச் 10, திங்கள்

மருந்துக்கடைச் சோதனை. கையெழுத்து இல்லாமல் பெண்களுக்குக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது. மூன்றாவது கடை எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கொண்டு எல்லாச் சீட்டையும் எடுத்துப் போட்டார்.

“பாருங்க மேடம். பொண்ணுங்க பேர்ல ஒண்ணுகூட இல்ல. நான் விதிப்படி நடக்கறவன்.”

“ஆண்கள் பேர்ல நிறைய இருக்கே?”

சிரித்தார். “இந்த ஏரியா ஆம்பளைங்களுக்கு எல்லாம் ஒரே வருஷத்துல ஃபிட்ஸ் வந்துடுச்சு மேடம். தண்ணி சரியில்ல போல.”

“விளையாடாதீங்க.”

“நான் எங்க விளையாடறேன்? சீட்டுல ஆம்பள பேர் இருந்தா குடுக்கணும். குடுக்கலைன்னாலும் நீங்கதான் வந்து கேப்பீங்க. வீட்டுல போய் யார் முழுங்கறாங்கன்னு நான் பின்னாடியே போய்ப் பாக்க முடியுமா?”

வெளிச்சம் போட்ட மாதிரி இருந்தது. பெண்கள் மாத்திரையை விடவே இல்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். புருஷன் பேர், அண்ணன் பேர், தம்பி பேர்.

நான் அலமாரியின் பக்கம் குனிந்து அட்டைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குரல் கேட்டது. “வழக்கமானதுண்ணே.” நிமிர்ந்தேன். அத்தான். அக்காவின் கணவர். மடித்த சீட்டைப் பிரித்து மேசையில் வைத்திருந்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு அத்தானும் திரும்பினார்.

“ஆபீசரம்மா... நீ எங்க இங்க?”

“செக்கிங்.”

“ஓ.”

சீட்டை எடுக்கக் கை போனது. அதற்குள் படித்துவிட்டேன். அத்தான் பெயர், அத்தான் வயது. ஊதா மாத்திரை. அக்காவின் பழைய டோஸ்.

“தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்கண்ணே,” என்றார். வாங்கி, தண்ணீர்கூட இல்லாமல் அங்கேயே முழுங்கிவிட்டு, சீட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

“தெரிஞ்சவரா மேடம்?”

“இல்ல,” என்றேன்.

அதே நாள், சாயங்காலம்

வீட்டுக்குள் நுழையும்போதே அக்கா தயாராக இருந்தாள். அத்தான் சொல்லியிருப்பார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “என்ன, கைது பண்ணப் போறியா?” என்றாள்.

“வெள்ளை மாத்திரை கேக்குதுன்னு சொன்னே.”

“நீ கேட்டே, சொன்னேன். இல்லன்னா நீ போய் ஆபீஸ்ல எழுதி வைப்பே.”

“பொய்ச் சீட்டு, அக்கா.”

“வேற எந்த வழியை விட்டு வெச்சீங்க? அந்த ரெண்டாவது டாக்டர்கிட்ட போனேன். எனக்கு எத்தனை தடவை ஃபிட்ஸ் வந்துதுன்னு கேக்கல. குழந்தை பெத்துக்கற ஐடியா உண்டா, உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார், மாமியாருக்குத் தெரியுமா, இதான் கேள்வி. நான் மாத்திரை கேக்கப் போனேனா, பொண்ணு கேட்டுப் போனேனா? நான் பொம்பளைன்னா எனக்கு மூளையில வலிப்பு வராதா, வயித்துலதான் வருமா?”

 அத்தான்தான் நடுவில் புகுந்து நிலைமையை லேசாக்கப் பார்த்தார். அக்கா சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனாராம். நாக்கைக் கடித்தது, வாயில் நுரை, எல்லாம் தயார். டாக்டர் கேட்டது வேறு: வலிப்பு வரும்போது எப்படி இருக்கும்? “எனக்கு எப்படி சார் தெரியும், நான்தான் மயங்கிக் கிடப்பேனே அப்படின்னேன். அந்த ஒரு பதில்ல மனுஷன் நம்பிட்டார்.”

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அத்தான் சரக்கு வேன் ஓட்டுகிறார், அக்காவின் பேக்கரிக்கும் அவர்தான் மாவு இறக்குவார். தனக்கு வலிப்பு உண்டு என்று தானே எழுதி வாங்கியிருக்கிறார். லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது எவனாவது ஆஸ்பத்திரிப் பதிவைப் புரட்டினால் வேலை போச்சு. அதைச் சொன்னேன். “அப்ப பாத்துக்கலாம். இவ அடுப்புல விழுந்ததை நீ பாக்கல, நான் பாத்தேன்,” என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

ஒன்று மட்டும் கேட்டேன். குழந்தை உண்டாகாமல் இருக்க ஏதாவது வழி வைத்திருக்கிறாளா என்று. அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா முகம் சிவந்துவிட்டது.

“ஒம்போது வருஷமா ஒண்ணையும் காணோம். எதை நிறுத்தறதுக்கு வழி வெக்கறது? போடி அந்தப் பக்கம்.”

மார்ச் 11, செவ்வாய்

அறிக்கையைத் திறந்தேன். மூடினேன்.

மார்ச் 14, வெள்ளி

யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

உண்மையை எழுதினால் என்ன ஆகும்? சதவீதம் மாதிரி ஆட்கள் அடுத்த பூட்டைப் போடுவார்கள். ஆண்களுக்கும் இரண்டு கையெழுத்து, அடையாள அட்டை, பரிசோதனை. அக்காவுக்கு மாத்திரை நிற்கும். அடுப்பு அங்கேயே இருக்கிறது. அத்தானுக்கு வேன் போகும். செய்தவள் நானாக இருப்பேன்.

எழுதாவிட்டால்? இவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள்? எங்கள் கணக்கில் இல்லை, டாக்டர் கணக்கில் இல்லை. ஆம்பளை பெயருக்குக் கொடுக்கும் மாத்திரைக்கு எந்த டாக்டர் ‘கர்ப்பமா இருக்கீங்களா’ என்று கேட்பான்? முன்பாவது ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தான், சொல்லாமல் இருந்தான். இப்போது பார்ப்பதற்கே ஆள் இல்லை. விதி போட்டு பழைய இருட்டைவிட மோசமான இருட்டுக்குள் தள்ளியிருக்கிறோம். அதுக்குத்தான் கைதட்டு.

இரண்டு கையெழுத்து வேண்டும் என்று சொன்னவன் எவனாவது ஊரில் எத்தனை நரம்பு டாக்டர் இருக்கிறார்கள் என்று எண்ணினானா? கார் வைத்திருப்பவன் போடுகிற விதி. பெரிய ஊருக்குப் போய் இரண்டு பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடிகிறவளுக்கு மாத்திரை அவள் பெயரிலேயே கிடைக்கிறது. பேக்கரியில் நாள் சம்பளத்துக்கு நிற்கிறவளுக்குப் புருஷன் பெயர்.

எழுதணும்னு தெரியுது. கை வரல. அக்கான்னா சும்மாவா?

மார்ச் 19, புதன்

குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரிடமிருந்து தகவல் வந்தது. பிறந்த குழந்தை. முதுகெலும்பு கீழே மூடாமல் திறந்து இருக்கிறது. தாய் சாப்பிட்ட மருந்து என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை’. கீழே ஓரத்தில் பேனாவில்: ‘தயவுசெய்து கூப்பிடவும்.’

கூப்பிட்டேன். நர்ஸ் எங்கேயோ வராந்தாவுக்கு வந்து பேசினார்.

“எழுத முடியல மேடம், அதான். அந்தப் பொண்ணு முதல்ல ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னா. நேத்து குழந்தையை ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போனாங்க. அப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் பேர்ல வாங்கின ஊதா மாத்திரை, நான்தான் முழுங்கினேன், அதனாலயா’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்லச் சொல்றீங்க? தெரியாதும்மான்னேன். எனக்குத் தெரியும்.” மறுபடி அவரே கேட்டார்: “யாராவது ஒருத்தர் அவகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? ஒருத்தர்?”

சதவீதத்திடம் எடுத்துப் போனேன். ஒரு தகவல் கணக்கில் ஏற நான்கு விஷயம் வேண்டும்: ஒரு நோயாளி, ஒரு மருந்து, ஒரு பாதிப்பு, சொல்கிற ஆள். அவர் விரலால் மருந்து என்ற இடத்தைத் தொட்டார். “மருந்தே இல்லையே. தாய்க்கு மருந்து குடுத்ததா எங்கயும் பதிவு இல்ல. ஏத்த முடியாது.”

“புருஷன் பேர்ல பதிவு இருக்கும் சார்.”

“புருஷன் பிள்ளை பெறலையேம்மா.”

நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். நர்ஸ் சொன்னதை அப்படியே. பயமுறுத்தணும்னுதான் சொன்னேன், மறைக்க மாட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குடி,” என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டு கோடு.

ஒன்பது வருடமாக மாதா மாதம் காத்திருந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்து, விட்டுவிட்டபோது வந்திருக்கிறது. அத்தான் அந்தச் சின்னக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பதா வேண்டாமா என்று எங்கள் முகத்தைப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவவில்லை.

அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்: மாத்திரையை நீயா நிறுத்தாதே. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாக வரும், குழந்தைக்கும் அது ஆபத்து. நரம்பு டாக்டரைப் பார்க்கணும், அவர் சொல்கிறபடி குறைக்கணும். 

“என்னன்னு சொல்லிக்கிட்டுப் போறது?” அத்தான். “பொய் சொல்லி வாங்கினதுக்குக் கேஸ் உண்டா ஆபீசரம்மா?”

உண்டு. ‘தெரியல’ என்றேன்.

திங்கட்கிழமை போகலாம் என்று முடிவானது. அக்கா சரி சரி என்று தலையாட்டினாள். ரொம்பச் சுலபமாகத் தலையாட்டினாள்.

மார்ச் 23, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து எனக்கே புரியவில்லை.

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாத்திரம் விழுந்த சத்தம். நானும் அத்தானும் ஓடினோம். அடுப்பை அணைத்தேன். அத்தான் அவளை ஒருக்களித்துப் போட்டுத் தலைக்குக் கீழே தன் கையை வைத்துக்கொண்டார். பழகிய கை. நின்றுவிடும் என்று பார்த்தோம். நின்றது. மூச்சு வாங்குவதற்குள் இரண்டாவது. அப்புறம் நிற்கவே இல்லை. சரக்கு வேனில் அட்டைப் பெட்டிகளைக் கீழே தள்ளிவிட்டு அவளைப் படுக்க வைத்துக்கொண்டு வந்தோம்.

வாசலிலேயே அவசரப் பிரிவு டாக்டர், சின்ன வயது, “என்ன மருந்து சாப்பிடறாங்க?” என்று கேட்டான்.

அத்தான் என்னைப் பார்த்தார். என் பையில் அலுவலக அடையாள அட்டை இருந்தது. ஒரு நொடி. அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன்? வேலையை நினைத்தேன். எழுதி வைக்கிறேன், யாருக்கும் காட்டப்போவதில்லை. அக்கா தள்ளுவண்டியில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாள், நான் வேலையை நினைத்தேன்.

அத்தான் முந்திக்கொண்டார். “ஊதா மாத்திரை சார். என் பேர்ல வாங்கினது. எனக்கு ஒண்ணும் இல்ல, இவளுக்குத்தான். வயித்துல குழந்தை இருக்கு. பயந்துபோய் நிறுத்திட்டா போல, எனக்கே தெரியாது. என்னை என்ன வேணா பண்ணுங்க, முதல்ல இவளைப் பாருங்க.”

டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

மார்ச் 24, திங்கள்

நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தாள். நாக்கு வீங்கியிருக்கிறது. முதல் கேள்வி வயிற்றைக் காட்டி. இருக்கிறது என்றார்கள். வியாழக்கிழமையிலிருந்தே மாத்திரையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாளாம். “நீதானே சொன்னே அந்தக் குழந்தையைப் பத்தி,” என்றாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலிக்கிறது.

ஊரின் ஒரே நரம்பு டாக்டர் வந்தார். அம்பது வயதுப் பெண். நின்றுகொண்டே மூன்று பேரையும் வாங்கு வாங்கு என்று வாங்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அக்காவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப முழுசா நிறுத்த முடியாது. நிறுத்தினா நேத்து நடந்தது மறுபடி நடக்கும். எவ்வளவு கம்மியா குடுக்க முடியுமோ அவ்வளவு குடுக்கறேன், கூட வேற ஒண்ணு சேக்கறேன். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பாத்துக்கிட்டே இருப்போம். இனிமே உங்க பேர்ல.”

“ரெண்டாவது கையெழுத்து?” என்று கேட்டேன். அடையாள அட்டையைக் காட்டித்தான் கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஓ, விதி போட்ட அந்த ஆபீஸா நீங்க. மாசம் ஒருக்கா வர்றவர்கிட்ட ஃபோன்ல கேஸைச் சொல்லி வாங்கிக்கறேன். விதியில நோயாளி நேர்ல வரணும்னு இருக்கா?”

இல்லை. வரிக்கு வரி எனக்குத் தெரியும், அப்படி ஒரு வரி இல்லை. 

“அப்ப ஏன் டாக்டர் ஒரு வருஷமா எல்லாரையும் டோக்கன் வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்பினீங்க?”

“உங்க ஆபீஸ் கேள்வி கேக்கும்னு பயம். அவருக்கும் அதே பயம்,” என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பயந்தாங்கொள்ளிகள். எல்லோரும். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நானும்தான்.

மார்ச் 27, வியாழன்

அவசரப் பிரிவுச் சின்ன டாக்டர் அனுப்பிய தகவல் என் மேசைக்கே வந்தது. பெண், முப்பத்து நாலு. கணவர் பெயரில் பெற்ற மருந்து. திடீரென நிறுத்தியதால் தொடர் வலிப்பு. கர்ப்பம். நோயாளி, மருந்து, பாதிப்பு, சொல்கிற ஆள். நாலும் இருக்கிறது. தள்ள முடியாது.

சதவீதத்தின் அறைக்குப் போனேன். “இது என் அக்கா சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். இவ்வளவு நல்ல மனிதராக இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“ஆண்கள் கணக்கையும் அறிக்கையில போடணும் சார்.”

“ஏம்மா, ஒண்ணு கேளு. இந்த விதியை நிறைவேத்த நான் எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் தெரியுமா? கம்பெனிக்காரன் இன்னிக்கும் காத்துக்கிட்டு இருக்கான். தோத்துப் போச்சுன்னு நாமளே எழுதினா விதியையே தூக்கிடுவாங்க. அப்பறம் அந்தப் பிள்ளைங்க மறுபடி பொறக்கும். உனக்கு அது வேணுமா?”

“இப்பவும் பொறக்குது சார். நீங்க ஏத்த மாட்டேங்கறீங்க.”

தண்ணீரை அவரே குடித்தார். அறிக்கையில் ஒரு வார்த்தை கூடாது என்றார்.

ஏப்ரல் 9, புதன்

குழுக் கூட்டம். பேசுவது சதவீதம், கணினியில் படங்களை நகர்த்துவது நான். மூலையில் நாற்காலி.

பெண்கள் குறைந்த படம் வந்தது. அவர் பேசி முடித்தார். அடுத்தது ‘நன்றி’ படம் வர வேண்டும். நான் ஆண்கள் கூடிய படத்தைப் போட்டேன். நேற்றே செய்து வைத்திருந்தேன்.  எழுந்து நின்றேன்.

“குறையல. பேர் மாறியிருக்கு. பொண்ணுங்க புருஷன் பேர்ல வாங்கறாங்க. எங்க அக்காவும் அப்படித்தான் வாங்கினா.”

சதவீதம் மேசையைப் பார்த்தார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, “அப்ப விதி பயனில்லைன்னு ஆகுதே,” என்றார், வெல்லத்தைக் கண்ட மாதிரி.

ஒரு டாக்டர் உடனே, “ஆண்களுக்கும் ரெண்டு கையெழுத்து கொண்டு வந்துடலாம், சிம்பிள்,” என்றார். தலைகள் ஆடின. இதற்குத்தான் பயந்தேன்.

வாசலில் உட்கார்ந்த தாய்மார்களில் ஓர் அம்மா குழுவில் இருக்கிறார், இதுவரை பேசவில்லை. பையனுக்குப் பதினாறு வயது, இன்னும் அவர்தான் ஊட்டிவிட வேண்டும். முதலில் என் பக்கம்தான் திரும்பினார்.

“உங்க அக்காவுக்கு இது குழந்தையைக் கெடுக்கும்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சே சாப்பிட்டாங்களா?”

“சாப்பிடலைன்னா அடுப்புல விழறாங்க.”

“எனக்கு யாரும் சொல்லல,” என்றார். குரல் ஏறியது. “சொல்லியிருந்தா நான் சாப்பிட்டிருப்பேனா? உங்க அக்கா மேல எனக்குக் கோவமா வருது. தப்போ சரியோ, வருது.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரலாமா என்று தெரியவில்லை. 

பிறகு அவர் அந்த டாக்டரிடம் திரும்பினார். “ஆம்பளைங்களுக்கும் பூட்டினா அடுத்து யார் பேர்ல வாங்குவாங்க? வயசான மாமியார் பேர்ல. அவங்களுக்குத்தான் விதி கிடையாதே. அப்பறம் பூட்டு எங்க போடுவீங்க? நாங்க வாசல்ல உக்காந்தப்ப மாத்திரையை ஒளிச்சு வைங்கன்னா கேட்டோம்? எங்ககிட்ட சொல்லுங்கன்னு கேட்டோம். நீங்க உங்களுக்குச் சுலபமானதைப் பண்ணிட்டீங்க.”

 துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். வேறென்ன செய்வார்கள்?

ஏப்ரல் 10, வியாழன்

என்னை அழகுசாதனப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இனி ஷாம்பு போட்டு முடி கொட்டியவர்களின் தகவல்.

மே 2, வெள்ளி

ஷாம்பு. முகப்பூச்சு. ஷாம்பு.

பழைய பிரிவுத் தட்டச்சுக்காரர் சாப்பாட்டு இடைவேளையில் வந்து சொன்னார்: இரண்டாவது நிபுணர் தொலைபேசியில் ஒப்புதல் தரலாம் என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது. இருந்த விதியையே திரும்பச் சொல்லும் சுற்றறிக்கை. அதற்கு ஒரு வருடம். முதுகெலும்பு மூடாத அந்தக் குழந்தையின் தகவலையும் சதவீதம் ஏற்றிவிட்டாராம், தானே உட்கார்ந்து. வேறு யாரிடமும் சொல்லவில்லையாம். பொய்ப் பெயரில் வாங்கியவர்கள் தாங்களாக வந்து சொன்னால் கேஸ் உண்டா இல்லையா என்பதைத் துணைக்குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பேசட்டும். அத்தான் வேனின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று அக்கா சொல்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

விடுப்பு போட்டுவிட்டு அக்காவோடு ஸ்கேனுக்குப் போனேன். அத்தானும்.

இருட்டறையில் ஸ்கேன் டாக்டர் ரொம்ப நேரம் கருவியை வயிற்றில் உருட்டிக்கொண்டே இருந்தார். முதுகெலும்பு கீழே வரை மூடியிருக்கிறது என்றார். இதயம் இப்போதைக்குச் சரி, இன்னொரு தடவை பார்க்கணும். அத்தான் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அக்கா கேட்டாள்: “இது பேசுமா, படிக்குமா, அதெல்லாம் இதுல தெரியாதா?”

“தெரியாதும்மா. வளர வளரத்தான்.”

“சரி,” என்றாள். வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் வெளியே வந்து வராந்தாவில் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் இவள்? ஐந்தா, ஆறா? ஒவ்வொரு சொல்லையும் எண்ணிக்கொண்டு. குழுவில் பேசிய அந்த அம்மாவின் கோபம் இன்றுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

மருந்து வாங்கும் இடத்தில் பெரிய வரிசை. எங்கள் முறை வந்தது. உள்ளே இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், கையெழுத்து இரண்டையும் விரல் வைத்துப் பார்த்தாள், தலையை நிமிர்த்தாமல், “நோயாளி யாரு?” என்று கேட்டாள்.

“நான்தாங்க,” என்று அத்தான் ஒரு அடி முன்னால் வந்து கையைத் தூக்கினார். பழக்கம்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது.

“நகருங்க அந்தப் பக்கம்,” என்று அக்கா அவர் தோளைத் தள்ளிவிட்டு, சுருங்கிய கையை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள். “எனக்குத்தான். எப்படிச் சாப்பிடணும்னு எங்கிட்ட சொல்லுங்க.”

அந்தப் பெண் சொன்னாள். அக்கா கடைசி வரை கேட்டாள். புரியாத ஒன்றை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பின்னால் யாரோ ‘உச்’ கொட்டினார்கள். அவள் திரும்பவே இல்லை.